ஷேக் என்றொரு சொல்

கடலில் பாய்மரக் கப்பல்கள் மட்டுமே ஓடிய காலத்தில், கரையோர நாடொன்றைச் சொர்ணகேசரி என்ற மன்னர் ஆண்டு வந்தார். பட்டத்தரசி இறந்த பிறகு அவருடைய வலது கை நடுங்கத் தொடங்கியது. சபையில் அதைச் சால்வைக்குள் மறைத்தே வைத்திருப்பார். விஷயம் தெரிந்தவர்கள் தளவாய் திருமேனியும் விகடகவி குழைக்காதனும்தான்.

அப்போது ஓர் ஆங்கிலேயக் கப்பல் தலைவர் வணிக உடன்படிக்கை கேட்டு வந்தார். உடன்படிக்கை முடிந்ததும் ஒருவர் கையை ஒருவர் பிடிப்பது அவர்கள் வழக்கமாம்.

தளவாய் மன்னரைத் தனியே கண்டார். "பிரபு, தங்கள் கையை அந்நியன் பார்த்தால் நாட்டையே இளப்பமாக எண்ணுவான். தங்களுக்குப் பதில் அடியேன் நிற்கிறேன். இல்லையேல், எல்லாவற்றுக்கும் வழி சொல்லும் விகடகவி இதற்கும் சொல்லட்டும். முடியாவிட்டால் அரண்மனையை விட்டுப் போகட்டும்."

மன்னர் குழைக்காதனை அழைத்தார். "எல்லோரும் பார்க்க நான் கை நீட்ட வேண்டும். நடுக்கத்தைக் குறையென்று ஒருவரும் சொல்லக் கூடாது. முடியுமா?"

"உத்தரவு, மன்னா" என்று சொல்லிவிட்டானே தவிர, குழைக்காதனுக்கு ஒரு வழியும் தெரியவில்லை. சால்வைக்குள் துடித்த அந்தக் கையைப் பார்க்கவே அவனுக்கு மனம் கனத்தது. நேரே கப்பல் தலைவருக்கு மொழிபெயர்த்துச் சொல்லும் துபாஷியிடம் போனான்.

"ஐயா, அந்தக் கைபிடிக்கிறதுக்கு அவங்க பாஷையில என்ன பேரு?"

"ஷேக்."

"வேற அர்த்தம் உண்டா?"

துபாஷி சிரித்தார். "குலுக்குறதும் ஷேக்தான். நடுங்குறதும் ஷேக்தான்."

குழைக்காதன் துள்ளி எழுந்தான்.

மறுநாள் சபையில் மன்னர் கையை நீட்டினார். அது வெடவெடத்தது.

"ஐயகோ! மன்னரின் கை நடுங்குகிறதே!" என்றார் தளவாய், எல்லோர் காதிலும் விழும்படி.

"நடுங்கத்தானே வேண்டும், தளவாயே!" என்றான் குழைக்காதன். "துபாஷியாரே, எங்கள் மன்னர் உங்கள் வழக்கப்படியே ஷேக் செய்கிறார் என்று தலைவரிடம் சொல்லுங்கள்."

தலைவர் முகம் மலர்ந்தது. இரண்டு கைகளாலும் மன்னரின் கையைப் பற்றிக் குலுக்கினார். எது குலுக்கல், எது நடுக்கம் என்று யாராலும் பிரிக்க முடியவில்லை. அடுத்துத் தளவாயிடம் கை நீட்டினார். தளவாய் கையைக் கொடுத்துவிட்டு மரமாக நின்றார்.

"ஆடாத கை நட்பில்லாத கை என்று அவர் நினைத்துவிடப் போகிறார்" என்றான் குழைக்காதன்.

தளவாய் பதறிப்போய்த் தலைப்பாகை சரியும்வரை குலுக்கினார். சபை கொல்லென்று சிரித்தது. மன்னரும் கண்ணில் நீர் வரச் சிரித்தார்.

பிறகு குழைக்காதனை அருகே அழைத்தார். "அவள் போன பிறகு இந்தக் கையை ஒருவரும் பிடித்ததில்லையடா" என்றார் மெல்ல.

கழுத்திலிருந்த முத்துமாலையைக் கழற்றி, சால்வையை ஒதுக்கிவிட்டு, வலது கையாலேயே அவனுக்குச் சூட்டப் போனார். மாலை அவன் காதில் சிக்கியது, குடுமியில் சிக்கியது. குழைக்காதன் உதவிக்குக் கை தூக்கவில்லை. மாலை தோளில் விழும்வரை தலைகுனிந்து நின்றான்.