முதலாளி அலறிய கேபிள்

கோவில்பட்டியில் கம்ப்யூட்டர் கடை வைத்திருந்த மகிமைதாஸ், ஒரு கம்பெனி பவர் சப்ளையில் வேறு கம்பெனி கேபிளைச் செருகி, ஸ்டூடியோக்காரர் பிச்சையாவின் ஹார்டு டிஸ்க்கைக் கருக்கிவிட்டார். பிச்சையா கடைக்கு வந்து கேட்டதும், பழியைக் கடையில் வேலை பார்த்த நாச்சியாள் தலையில் கட்டினார்.

"கேபிள் கச்சிதமா பொருந்துது அண்ணாச்சி! இவதான் டிஸ்க்கைக் கீழ போட்டுட்டா. ஏய், சாயங்காலத்துக்குள்ள சரிபண்ணு, இல்லேன்னா நாளைக்கு வராதே!"

கருகினதை யார் சரிபண்ண முடியும்? நாச்சியாள் அதே கேபிளை முதலாளியின் சொந்தக் கம்ப்யூட்டரில் மாட்டினாள்.

"பொருந்துது சார். அண்ணாச்சிக்கு ஓட்டிக் காட்டிடுறேன்" என்று சுவிட்சில் விரல் வைத்தாள்.

"ஐயோ, போடாதே! உள்ள கம்பி வரிசையே வேற, என் டிஸ்க்கு கருகிடும்!"

பிச்சையா மகிமைதாஸ் பக்கம் திரும்பினார்.

"என் டிஸ்க்குல மாட்டுனப்போ இந்த ஐயோ எங்கய்யா போச்சு?"