மாவுக்குக் கெடு ஆறு மணி

ஒரு கப்பல் இருந்தது. சரக்குக் கப்பல் இல்லை, ஊர் சுற்றிக் காட்டும் கப்பல். சென்னைத் துறைமுகத்தில் ஆளை ஏற்றிக்கொண்டு போய், நாலு நாள் தண்ணீரைக் காட்டிவிட்டு, ஏறின இடத்திலேயே கொண்டுவந்து இறக்கிவிடும்.

அந்தக் கப்பலின் ஒன்பதாவது தளத்தில் அறுபத்து மூன்று பண்டங்கள் வரிசையாக வீற்றிருந்தன. ஒவ்வொன்றின் முன்னாலும் ஒரு பெயர்ச்சீட்டு. பண்டத்தைவிடச் சீட்டு நீளம். 'மூலிகை மணத்துடன் மென்தீயில் வாட்டிய தோட்டத்துக் காய்களின் சங்கமம்' என்று போட்டிருக்கும். மூடியைத் திறந்தால் பாதி வெந்த பீன்ஸும் கேரட்டும் முழித்துக்கொண்டு கிடக்கும்.

நடுவில் ஐஸில் செதுக்கிய அன்னம் ஒன்று கழுத்தை வளைத்து நின்றது. "இன்றைக்கு மட்டும் என்னை இருநூறு பேர் போட்டோ எடுத்தார்கள்" என்றது அது.

"எடுப்பார்கள், எடுப்பார்கள். மத்தியானத்துக்குள் நீ வாத்தாகிவிடுவாய், அதற்குள் எடுக்க வேண்டாமா?" என்றது பக்கத்தில் பொங்கி வழிந்துகொண்டிருந்த சாக்லேட் ஊற்று.

பயணிகள் காலித் தட்டோடு ஒரு சுற்று வந்தார்கள். பிறகு இன்னொரு சுற்று. கடைசியில் நூடுல்ஸ் மேல் குலாப்ஜாமூனை வைத்து, ஓரத்தில் நாலு வெள்ளரித்துண்டைச் சொருகிக்கொண்டு உட்கார்ந்தார்கள். இத்தனை பண்டம் இருக்கிற இடத்தில் பசியோடு எழுந்து போவதற்கு ஒரு தனித் திறமை வேண்டும். இரண்டே வேளையில் எல்லோருக்கும் அந்தத் திறமை வந்துவிட்டது.

வரிசையின் கடைசியில், எச்சில் தட்டு போடும் தொட்டிக்குப் பக்கத்தில், அறுபத்து மூன்றாவதாக இட்லி. இரண்டு நிமிஷத்தில் கரைத்து ஊற்றும் பாக்கெட் மாவில் செய்தது. பார்க்க வெள்ளையாகத்தான் இருந்தது. சுண்ணாம்புக்கட்டிகூட வெள்ளைதான்.

முதல் நாள் காலையில் ஈரோட்டிலிருந்து வந்திருந்த ருக்குமணியம்மா அதில் ஒன்றை எடுத்துத் தட்டின் விளிம்பில் தட்டிப் பார்த்தார். 'டொக்' என்றது. சமையல் மேடைக்குப் பின்னால் நின்ற கஸ்பாரைக் கூப்பிட்டார்.

"ஏனுங்க தம்பி, இதுல நாலஞ்ச சங்கிலில கட்டி இறக்கி விட்டீங்கன்னா நங்கூரமே வேண்டாமுங்களே!"

சுற்றியிருந்தவர்கள் சிரித்தார்கள். கஸ்பாருக்குக் காது சிவந்துவிட்டது. அவன் தூத்துக்குடிக்காரன். பதினாறு வருஷமாகக் கப்பல் சமையல். எந்த நாட்டுக்காரன் வாயாலும் இப்படி ஒரு வார்த்தை வாங்கினதில்லை.

சிரிப்புச் சத்தம் கேட்டுத் தலைமைச் செஃப் சுதர்சன் வந்தார். வெள்ளைத் தொப்பி, கையில் கடிகாரம், சட்டைப்பையில் ஒரு வெப்பமானி. எதையும் வாயில் போட்டுப் பார்க்கமாட்டார், வெப்பமானியைச் செருகித்தான் பார்ப்பார்.

"இருநூறு வச்சதுல நூத்தி எம்பது திரும்பி வந்திருக்கு. நாளையிலேர்ந்து இட்லி கட். அந்த எடத்துல வாஃபிள் மெஷினை வச்சிடு" என்றார்.

"செஃப், அது இட்லி கிடையாது, பாக்கெட்டு. ஒரே ஒரு தடவ நம்ம கையால ஆட்டிப் பாத்துருவோம். அதுவும் திரும்பி வந்துச்சுன்னா எடுத்துருங்க, நான் வாயே திறக்கல."

செஃப் யோசித்தார். "சரி, ஆட்டு. ஆனா ரூல் ரூல்தான். கையில கிளவுஸ். அரைச்ச மாவு வெளியில ஆறு மணி நேரம், அதுக்கு மேல ஒரு நிமிஷம் கிடையாது. அதுக்குள்ள பொங்கினா நாளைக்குக் காலையில வை. பொங்கலேன்னா குப்பை அரைக்கிற மெஷின்ல கொட்டு. இட்லியப் பத்தி இந்தக் கப்பல்ல இனி யாரும் பேசக் கூடாது."

கஸ்பார் அப்போதே, கப்பல் ஊழியர்களின் சாப்பாட்டுக்கென்று இருந்த புழுங்கல் அரிசியையும், வடைக்கென்று இருந்த உளுந்தையும் ஊறப்போட்டான். பதினொரு மணிக்கு மேல் சட்னி அரைக்கும் வெட் கிரைண்டரில் போட்டு ஆட்டினான். அரிசி நறநறவென்று சண்டை பிடித்துக்கொண்டு வந்தது. உளுந்து பஞ்சாக வந்தது. இரண்டையும் உப்புப் போட்டு ஒரே அண்டாவில் ஊற்றியதும் எது அரிசி, எது உளுந்து என்று தெரியாமல் போயிற்று. அப்படித் தெரியாமல் போன பிறகுதான் அதற்கு மாவு என்று பெயர்.

மாவு கண்ணைத் திறந்தது. ரப்பர் கையுறை போட்ட கை ஒன்று மெஷின் மத்தைப் பிடித்துத் தன்னை இரண்டு சுழற்று சுழற்றிவிட்டுப் போவதைப் பார்த்தது. தொட்டது யார் என்றே அதற்குத் தெரியவில்லை. மூடி விழுந்தது. மூடிக்கும் அண்டாவுக்கும் குறுக்கே யாரோ எதையோ பளீரென்று ஒட்டினார்கள்.

"நான் ஸ்டிக்கர்" என்றது அது, மிடுக்கான குரலில். "உன் ஜாதகம் என் மேலேதான் எழுதியிருக்கிறது. பிறப்பு பன்னிரண்டு மணி. இறப்பு ஆறு மணி."

"பொங்கிவிட்டால்?"

"பொங்குகிற முகமாக எனக்குத் தெரியவில்லை."

தெரியாததில் ஆச்சரியமில்லை. அந்தச் சமையலறையில் குளிர்சாதனம் உறுமிக்கொண்டிருந்தது. மாவின் தலைக்கு மேலே சில்லென்று காற்று இறங்கியது. மாவு உடம்பைக் குறுக்கிக்கொண்டு உட்கார்ந்தது. உள்ளே ஏதோ அசைய வேண்டும் என்று அதற்குத் தெரியும். என்னவென்று தெரியவில்லை, எப்படியென்றும் தெரியவில்லை.

அலமாரியிலிருந்து பாக்கெட் மாவு எட்டிப் பார்த்தது. பளபளப்பான உறை, உறைமேல் சிரிக்கிற குடும்பத்தின் படம்.

"என்ன, இன்னும் உட்கார்ந்தே இருக்கிறாய்? என்னைப் பார். தண்ணீர் ஊற்றினால் ரெண்டு நிமிஷம். காத்திருக்க வேண்டாம், கெஞ்ச வேண்டாம்."

"உன்னை நூற்றெண்பது பேர் திருப்பி அனுப்பினார்களாமே?"

"அதனால் என்ன? கிடங்கில் இன்னும் நாலு பெட்டி இருக்கிறேன். திருப்பி அனுப்பினால் மறுபடி வருவேன். நீ ஒருமுறை போனால் போனதுதான்."

"மணி ஒன்று" என்றது ஸ்டிக்கர், யாரும் கேட்காமலே.

மூலையில் குப்பை அரைக்கும் மெஷின் தொண்டையைச் செருமிக்கொண்டது.

கஸ்பார் வந்தான். ஸ்டிக்கரைக் கவனமாக ஒரு பக்கம் உரித்து, மூடியைத் திறந்து பார்த்தான். ஒரு குமிழிகூட இல்லை. கடல் மட்டம்போலப் படுத்துக் கிடந்தது மாவு. அவன் கையுறைகளை உரித்து எறிந்தான். குழாயடியில் போய் முழங்கைவரை சோப்புப் போட்டு, நகக்கண்ணையெல்லாம் தேய்த்துக் கழுவினான். திரும்பி வந்து வெறும் கையை மாவுக்குள் விட்டான்.

மாவு திடுக்கிட்டது. இதுவரை யாரும் அதை வெறும் கையால் தொட்டதில்லை.

"அடப்பாவமே, இப்படிச் சில்லுன்னு கிடக்க! ஐஸ் பொட்டிக்குள்ள போட்டு எந்திரி, எந்திரின்னா எப்படி எந்திரிப்ப?" என்று சொல்லிக்கொண்டே அடிவரை கையைக் கொண்டுபோய் அளைந்தான் கஸ்பார். அந்தக் கையின் சூடு விரல் விரலாக மாவுக்குள் இறங்கியது. நாம் இன்னும் செத்துப்போகவில்லை என்று மாவுக்கு அப்போதுதான் தெரிந்தது.

அவன் மூடியைப் போட்டான். ஸ்டிக்கரை மறுபடி இருந்தபடியே ஒட்டினான். அண்டாவைத் தள்ளுவண்டியில் ஏற்றி, லிஃப்டில் வைத்து, கப்பலின் அடித்தளத்துக்கு இறக்கினான். அங்கே சலவை அறை. அறுபத்து மூன்று பண்டங்களில் ஒன்றுகூட எட்டிப் பார்த்திராத இடம். சுவரோடு சுவராக, வயிறு பெருத்த துணி உலர்த்தி ஒன்று நின்று கடகடவென்று சுற்றிக்கொண்டிருந்தது. அதன் பக்கத்தில் போனாலே வேர்த்துக் கொட்டும்.

"யாரது? மேல்மாடி ஆளா? மேல்மாடி ஆளுங்க இங்க வரமாட்டாங்களே!" என்றது உலர்த்தி.

"மேலே எல்லோருக்கும் இடம் இருந்தது. எனக்கு மட்டும் குளிர்ந்தது" என்றது மாவு.

"அப்ப சரியான எடத்துக்குத்தான் வந்திருக்கே, தாயி. எம் முதுகுல சாஞ்சுக்க. ஊரு பூரா உடுத்திப்போட்ட துணிய உலத்தறேன், உன்னையா விட்டுருவேன்? ஒண்ணு மட்டும். மூடியத் தூக்கித் தூக்கிப் பாக்க விடாத."

"அப்புறம் நான் என்ன செய்ய வேண்டும்?"

"ஒண்ணும் செய்யாத. செய்யிறவங்களெல்லாம் மேல இருக்காங்களே, பத்தாதா?"

மாவு ஒன்றும் செய்யாமல் இருந்தது. அதைப்போலக் கஷ்டமான வேலை உலகத்தில் இல்லை. 'மணி இரண்டு' என்றது ஸ்டிக்கர். 'மூன்று' என்றது. உலர்த்தியின் சூடு அண்டாவைச் சுற்றி ஒரு போர்வைபோலப் படிந்தது. நாலு மணி வாக்கில், அடியாழத்தில், கஸ்பாரின் விரல் கடைசியாகப் போன இடத்தில், கடுகு அளவுக்கு ஏதோ 'புளுக்' என்றது.

"எனக்குள் என்னவோ ஆகிறது" என்றது மாவு பயந்துபோய்.

"ஆகட்டும், பேசாம இரு" என்றது உலர்த்தி.

ஐந்தே முக்காலுக்குச் சலவை அறையின் கதவு படாரென்று திறந்தது. செஃப் சுதர்சன்! அவர் பின்னாலேயே கஸ்பார் மூச்சிரைக்க ஓடிவந்தான்.

"சமைக்கிற பொருளைச் சலவை ரூம்ல வச்சிருக்கே! கிளவுஸ் கழட்டி எறிஞ்சிருக்கே! நெனச்சுக்கிட்டிருக்கியா நீ, இது உன் வீடுன்னு?"

"முழங்கை வரைக்கும் சோப்புப் போட்டுக் கழுவிட்டுத்தான் செஃப் கையை விட்டேன். அண்டா மூடித்தான் இருக்கு, ஒரு தூசி போகாது. இதுக்குச் சூடு வேணும். மேல எங்க இருக்கு சூடு, நீங்களே சொல்லுங்க!"

"நீ ஒண்ணும் எனக்குச் சொல்ல வேணாம். ஆறு அடிக்கட்டும். மாவை மெஷின்ல கொட்டறேன். கரைக்குப் போனதும் உன்னையும் இறக்கி விட்டுடறேன்."

கஸ்பார் ஒரு சொல்லுக்கு மேல் பேசியிருக்க வேண்டாம்தான். பேசிவிட்டான். இப்போது அவன் வேலையும் அந்த மூடிக்குள்தான் இருந்தது.

மாவு எல்லாவற்றையும் கேட்டது. தன்னைத் தொட்ட ஒரே கை அது. தள்ள வேண்டும், முட்ட வேண்டும் என்று அதற்கு ஆத்திரம் வந்தது.

"முக்காத தாயி, வர்றது தானா வரும்" என்றது உலர்த்தி.

"ஐந்து ஐம்பத்தாறு" என்றது ஸ்டிக்கர். "ஐந்து ஐம்பத்தேழு. என் கடமையை நான் செய்ய வேண்டும். ஐந்து ஐம்பத்..."

'சர்ர்ர்' என்று ஒரு சத்தம்.

ஸ்டிக்கர் நடுவில் ஒரு நூல் அளவு கிழிந்தது. "யாரது தள்ளுவது?" என்று அலறியது. மூடி ஒரு பக்கம் லேசாகத் தூக்கியது. அடுத்த நிமிஷம் ஸ்டிக்கர் பிறப்பு ஒரு துண்டாகவும் இறப்பு ஒரு துண்டாகவும் கிழிந்து தொங்க, மூடியைத் தலையில் தொப்பிபோலத் தூக்கிக்கொண்டு மாவு எழுந்து நின்றது! வெள்ளை வெளேரென்று, உடம்பு முழுக்கக் கண் கண்ணாக, விளிம்பில் ஒரு சொட்டு தளும்பி நிற்க, லேசாகப் புளித்த வாசனை சலவை அறை முழுக்கப் பரவியது.

உலர்த்தி சுற்றுவதை நிறுத்திவிட்டு 'டிங்' என்று மணி அடித்தது. ஒரு துணி பாக்கியில்லாமல் காய்ந்துவிட்டது.

செஃப் கடிகாரத்தைப் பார்த்தார். ஆறாக இரண்டு நிமிஷம் இருந்தது. சட்டைப்பையிலிருந்து வெப்பமானியை எடுத்தவர் என்ன நினைத்தாரோ, குனிந்து மூக்கால் ஒரு இழுப்பு இழுத்தார். வெப்பமானியைப் பையிலேயே போட்டுக்கொண்டார்.

"குளிர் அறையில வை. காலையில ஏழு மணிக்கு வேணும்" என்று மட்டும் சொல்லிவிட்டுப் போனார்.

காலையில் அறுபத்து மூன்றாவது இடத்தில் இட்லிச்சட்டி திறந்தது. முன்னால் புதிதாக ஒரு பெயர்ச்சீட்டு வைத்திருந்தார்கள்: 'ஆவியில் பக்குவமாக வெந்த, மேகம்போல் மென்மையான, பாரம்பரிய அரிசிப் பதார்த்தம்'. இட்லி என்ற மூன்றெழுத்து மட்டும் அதில் இல்லை.

ருக்குமணியம்மா வந்தார். தட்டின் விளிம்பில் தட்டிப் பார்க்க ஒன்றை எடுத்தார். அது விரலிலேயே பிட்டுக்கொண்டது. சட்னியில் தோய்த்து வாயில் போட்டார். கண்ணை மூடிக்கொண்டார். கஸ்பார் மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்றான்.

அந்தம்மா தட்டை மறுபடி நீட்டினார்.

"எத்தனைம்மா?"

"நான் போதுமுன்னு சொல்ற வரைக்கும் வையுங்க தம்பி. ஏனுங்க," என்று திரும்பிக் கணவரை ஒரு கத்து கத்தினார், "அந்தக் கண்றாவி நூடுல்ஸைக் கீழ வெச்சுட்டு வாங்க இந்தப் பக்கம்!"

அவர் வந்தார். அவர் வருவதைப் பார்த்து நாலு பேர் வந்தார்கள். நாலு பேரைப் பார்த்து நாற்பது பேர். வரிசை ஐஸ் அன்னத்தைத் தாண்டிப் போயிற்று. இப்போது அதை யாரும் போட்டோ எடுக்கவில்லை, கையில் தட்டு இருந்தது. சாக்லேட் ஊற்று தனக்குத்தானே பொங்கித் தானே விழுந்துகொண்டிருந்தது. வரிசையின் வாலில், தொப்பியைக் கழற்றிக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு, கையில் ஒரு தட்டோடு செஃப் சுதர்சன் நின்றார்.

அலமாரியிலிருந்து பாக்கெட் மாவு பொறுக்கமாட்டாமல் கேட்டது: "அப்படி என்னதான் போட்டார்கள் உனக்குள்ளே?"

அண்டாவின் அடியில் கஸ்பார் அடுத்த நாள் மாவோடு கலக்கவென்று ஒரு கரண்டி மாவை மிச்சம் வைத்திருந்தான். அது சொன்னது:

"ஒருவர் கையைப் போட்டார். அப்புறம் எல்லோரும் சும்மா விட்டார்கள்."

அதற்குள் ஆவி பட்டுப் பட்டு அந்த நீளப் பெயர்ச்சீட்டு நனைந்து, சுருண்டு, எச்சில் தட்டுத் தொட்டிக்குள் விழுந்தது. யாரும் அதை எடுத்து வைக்கவில்லை.

வரிசை நகர்ந்துகொண்டிருந்தது.