மண்டபத்துக்கு அடியில் ஒரு சாண்

"மறுபடியும் வெடிச்சிருச்சு தாயி," என்றார் சிவனாண்டி மேஸ்திரி.

எது என்று அரியநாச்சி அம்மா கேட்கவில்லை. மேஸ்திரி மடத்துக்கு வந்து தலையில் கைவைத்து உட்கார்ந்தால், அவர் மகள் வீட்டுச் சுவர்தான்.

கரிசல் மண்ணில் வீடு கட்டுகிறவனுக்கு நிம்மதி என்பது கிடையாது. மழை பெய்தால் மண் உப்பும். மேலே இருக்கிற தரையைத் தள்ளும். வெயில் காய்ந்தால் சுருங்கிப் பாளம் பாளமாக விரியும். இரண்டுக்கும் நடுவில் மாட்டிக்கொண்டு வீடு முழிக்கும்.

மேஸ்திரி அந்தச் சுற்றுவட்டாரத்தில் பாதி வீடுகளைக் கட்டியவர். ஊரார் வீட்டையெல்லாம் புத்தியோடுதான் கட்டினார். மகள் செல்லக்கனிக்குக் கட்டும்போதுதான் பாசம் குறுக்கே வந்து நின்றது. தன் வீட்டுச் சுவரோடு ஒட்டி எழுப்பினார். நடுச்சுவரில் ஒரு கதவும் வைத்தார். தெருவில் இறங்காமல் மகள் வீட்டுக்குப் போய்வர வேண்டும், அவ்வளவுதான் ஆசை.

போய்வந்தார். காலையில் போய்ச் சட்டினியில் உப்புப் பார்த்தார். மத்தியானம் போய், ஆளில்லாத அறையில் ஓடுகிற விசிறியை நிறுத்தினார். மருமகன் ஜெயபாண்டி பைக்கை நிறுத்துகிற கோணம் சரியில்லை என்று தினமும் திருப்பி வைத்தார்.

ஒருநாள் மகள், கதவைத் தட்டிவிட்டு வாருங்கள் என்று மெதுவாகச் சொன்னாள். பெற்ற மகள் வீட்டுக்குத் தட்டிவிட்டுப் போவதா என்று அன்றைக்கு அவர் சாப்பிடவில்லை.

அந்த நடுச்சுவர்தான் மழைக்கும் வெயிலுக்கும் வெடித்தது. சிமெண்டு வைத்து அடைத்தார். கம்பி வலை போட்டு அடைத்தார். அடைத்த இடம் நின்றது. அதற்குப் பக்கத்தில் வெடித்தது.

இப்போது மகளும் மருமகனும் தூத்துக்குடிக்குக் குடிபோகிறார்களாம். மழைக்கு முன்னால், மாதக் கடைசி வெள்ளிக்கிழமையே கிளம்புகிறார்களாம். வண்டிகூடப் பேசியாகிவிட்டது.

"அவ போகக் கூடாது தாயி. அதுக்கு ஒரு வழி சொல்லுங்க."

அரியநாச்சி அம்மா மேஸ்திரியைவிட வயதில் சின்னவர். ஊருக்கு வெளியே, தூத்துக்குடி போகிற பாதையோரம் தனியாக மடம் வைத்திருந்தார். யார் என்ன கேட்டாலும் நேராகப் பதில் சொல்லித் தொலைக்க மாட்டார். அதனாலேயே ஆட்கள் வந்துகொண்டிருந்தார்கள்.

அவர் தன் மண்டபத்தைக் காட்டினார். அதுவும் மேஸ்திரி கட்டியதுதான். சின்ன மண்டபம். கான்கிரீட் தரையைக் கரிசல் மேலேயே ஒரே பலகையாக வார்த்து, அதன்மேல் சுவர் வைத்திருந்தார். கிழக்குச் சுவரில் பல்லி தாராளமாகக் குடித்தனம் நடத்துகிற அளவுக்கு ஒரு விரிசல் ஓடியது.

"முதல்ல இதுக்கு ஒரு வழி சொல்லுங்க மேஸ்திரி."

தன் வயிற்றெரிச்சலைச் சொல்ல வந்த இடத்தில் இந்த அம்மா மராமத்து வேலை கொடுக்கிறாரே என்று மேஸ்திரிக்குக் கோபமாக வந்தது. இருந்தாலும் தொழில்காரர். வாய் சும்மா இருக்கவில்லை. கரிசலுக்கு அடியில் சுக்கான் பாறை இருக்கிறது, அது வெயிலுக்கும் மழைக்கும் அசையாது என்றார். தரையின் ஓரங்களில் குழி தோண்டிப் பாறையிலிருந்து தூண் எழுப்பலாம். தூண்மேல் ஜாக்கி வைத்து மண்டபத்தைத் தரையோடு தூக்கிவிடலாம். பிறகு மண்டபம் தூணில் நிற்கும், மண்ணைத் தொடாது.

"அப்ப மண்ணு?"

"மண்ணு அது பாட்டுக்குக் கிடக்கும்."

"கிடக்குமா?"

"கிடக்கும் தாயி. அதுக்கும் நமக்கும் என்ன?"

"அப்ப தூக்குங்க."

மகளைப் பற்றி மறுபடியும் கேட்க மேஸ்திரி வாயைத் திறப்பதற்குள், அரியநாச்சி அம்மா செடிக்குத் தண்ணீர் ஊற்றப் போய்விட்டார்.

குழிகள் தோண்டினார்கள். தூண்கள் எழும்பி ஈரம் காய்ந்தன. மண்டபத்தைத் தூக்குகிற நாளை மேஸ்திரியே குறித்தார். அதே வெள்ளிக்கிழமை.

அன்று காலையில் ஒரு லாரிச் சரளை வந்தது. பாதையை அடைத்துக் கொட்டச் சொன்னார். சைக்கிள்கூடப் போக முடியாதபடி, இந்த ஓரத்திலிருந்து அந்த ஓரம்வரை குவியல் கிடந்தது.

அரியநாச்சி அம்மா வெளியே வந்து பார்த்தார்.

"சரளை எதுக்கு மேஸ்திரி?"

"மண்டபத்தைத் தூக்குனதும் அடியில நிரப்பணும்ல தாயி."

"அதுக்கு ரோட்டுலயா?"

"லாரி உள்ளே வரல."

தூணுக்குக் கல் கொண்டுவந்த லாரி மண்டபத்து வாசல்வரை வந்து திரும்பியது. அதை அரியநாச்சி அம்மா சொல்லவில்லை. ஒரு செம்பில் விளிம்புவரை தண்ணீர் மொண்டுகொண்டு மண்டபத்துக்குள் போனார். நடுத்தரையில் செம்பை வைத்து, அதன் முன்னால் உட்கார்ந்துகொண்டார்.

மேஸ்திரி பின்னாலேயே ஓடினார். தூக்குகிற கட்டடத்துக்குள் யாரும் இருக்கக் கூடாது என்று கெஞ்சினார். சுவர் சரிந்தால் என்ன ஆகும் என்றார். வேலையாட்களும் சொல்லிப் பார்த்தார்கள்.

"நான் வெளிய இருந்தா நீங்க அவசரப்படுவீங்க," என்றார் அரியநாச்சி அம்மா.

கிழக்கே கடல் பக்கம் வானம் கறுத்துக்கொண்டு வந்தது. மழை இறங்கினால் குழிகளில் தண்ணீர் நின்றுவிடும், வேலை கெட்டுவிடும். மேஸ்திரி ஒரு கண்ணால் மேகத்தைப் பார்த்தார். இன்னொரு கண்ணால் பாதையைப் பார்த்தார். ஜாக்கிகளைப் பார்க்கத்தான் அவருக்குக் கண் மிச்சமில்லை.

ஜாக்கி வேலைக்கு ஒரு முறை உண்டு. மேஸ்திரி "ஏத்து" என்பார். எல்லோரும் கம்பியைக் கால் சுற்றுத் திருப்பி "ஆச்சு" என்பார்கள். எல்லா மூலையிலிருந்தும் "ஆச்சு" வந்து சேராமல் அடுத்த "ஏத்து" கிடையாது. ஒருவன் முந்தினாலும் போயிற்று, ஒருவன் பிந்தினாலும் போயிற்று.

"ஏத்து."

"ஆச்சு." "ஆச்சு." "ஆச்சு." "ஆச்சு."

தரை மண்ணைவிட்டுப் பிரிகிற சத்தம் கேட்டது.

"ஏத்து."

கொஞ்சம் கொஞ்சமாக மண்டபம் எழுந்தது. விரல் நுழைகிற இடம் உள்ளங்கை நுழைகிற இடமாயிற்று. அப்போது ஈசான மூலையிலிருந்து "ஆச்சு" வரவில்லை.

அங்கே நின்றவர் குருவையா, மேஸ்திரியோடு பல வருஷம் வேலை செய்தவர். அவருடைய ஜாக்கிக்கு அடியில் இருந்த பலகை லேசாக நழுவியிருந்தது. அவர் கம்பியைப் பிடித்தபடி அசையாமல் யோசித்துக்கொண்டிருந்தார்.

மேஸ்திரி ஓடினார். குருவையாவைத் தள்ளிவிட்டுக் கம்பியைப் பிடுங்கினார். தாழ்ந்த மூலையை உடனே ஏற்றிவிட வேண்டும் என்பதைத் தவிர அவருக்கு வேறெதுவும் தோன்றவில்லை. ஒரு திருப்பு திருப்பினார். ஜாக்கி இன்னும் சாய்ந்தது. மேலே சுவர் முனகியது. விரிசலிலிருந்து காரை பொடிப்பொடியாக உதிர்ந்தது.

"விடுங்க மேஸ்திரி, நான் பாத்துக்கிறேன்," என்றார் குருவையா.

மேஸ்திரி விடவில்லை. இன்னொரு திருப்பு.

உள்ளேயிருந்து குரல் வந்தது.

"செம்பு தளும்புது மேஸ்திரி. கையை எடுங்க."

"எடுத்தா விழுந்துரும் தாயி."

"நீங்க கை வைக்கிறதுக்கு முன்னாடி விழலையே."

தன் கையாலேயே இந்த அம்மாவைக் கொன்றுவிடப் போகிறோம் என்று மேஸ்திரி அப்பட்டமாகப் பயந்தார். பிடியை விட்டால்தான் கொலை என்று ஒரு மனம் சொன்னது. பிடித்திருப்பதுதான் கொலை என்று கையே சொன்னது. விரல்களை ஒவ்வொன்றாகப் பிரித்து எடுத்தார்.

குருவையா கம்பியை வாங்கிக் கொஞ்சம் பின்னால் திருப்பினார். இறங்கிய அளவுக்கு மற்ற மூலைகளையும் இறக்கச் சொன்னார். பலகையை நேராக்கி ஆப்பு அடித்தார். ஜாக்கி நிமிர்ந்தது.

"ஆச்சு," என்றார்.

அதன் பிறகு மேஸ்திரி தள்ளி நின்று "ஏத்து" மட்டும் சொன்னார். ஒவ்வொரு "ஆச்சு" வருகிறவரைக்கும் காத்திருந்தார்.

ஒரு சாண் உயரம் வந்ததும் தூண்கள்மேல் கல் வைத்து மண்டபத்தை அதில் இறக்கினார்கள். ஜாக்கிகளை உருவினார்கள். மண்டபம் நின்றது. இந்தப் பக்கம் குனிந்து பார்த்தால் அடிவழியாக அந்தப் பக்கத்து வெளிச்சம் தெரிந்தது. மடத்துக் கோழி ஒன்று அதற்குள் புகுந்து மறுபக்கம் வந்தது.

அரியநாச்சி அம்மா செம்போடு வெளியே வந்தார்.

அதே நேரம் சரளைக் குவியலுக்கு அந்தப் பக்கம் ஒரு வண்டி வந்து நின்றது. மேலே கட்டில், பீரோ, சுருட்டிய பாய். முன் சீட்டிலிருந்து ஜெயபாண்டி இறங்கினார். பின்னால் செல்லக்கனி இறங்கினாள்.

மேஸ்திரி முகத்தைத் துடைத்துக்கொண்டு அவர்களிடம் போனார். போனதும் பழைய ஆளாகிவிட்டார்.

"என்ன மாப்பிள்ளை, இப்படி ஆயிப்போச்சே. இதை அள்ளி மண்டபத்துக்கு அடியில போட்டு முடிக்கச் சாயங்காலமாகும். அதுக்குள்ள மழை வந்துரும். பேசாம வீட்டுக்குத் திரும்புங்க. மழை முடியட்டும், பாத்துக்கலாம்."

ஜெயபாண்டி மாமனாரைப் பார்த்தார், குவியலைப் பார்த்தார். புரிந்துவிட்டது. மனைவியைப் பார்த்தார்.

செல்லக்கனி சண்டை போட்டிருந்தால் மேஸ்திரிக்குத் தெம்பாக இருந்திருக்கும். அவள் சும்மா நின்றாள்.

மேஸ்திரி திரும்பி வேலையாட்களைக் கூப்பிட்டார். கூடையை எடுக்கச் சொன்னார், அடியில் ஒரு விரல் இடம்கூட விடாமல் நிரப்பித் திமுசுக்கட்டையால் இடிக்கச் சொன்னார். வெறும் இடம் விட்டால் பாம்பு அடையும், கட்டடத்துக்கு ஆகாது என்று எல்லோருக்கும் கேட்கும்படி சொன்னார். முதல் கூடையைத் தானே தூக்கிக்கொண்டு மண்டபத்துக்கு வந்தார்.

அரியநாச்சி அம்மா குந்தி உட்கார்ந்து, மண்டபத்துக்கு அடியில் கையை நீட்டி, உள்ளங்கையை மண்மேல் வைத்தார்.

"கொட்டுங்க மேஸ்திரி."

"கையை எடுங்க தாயி."

"மழை பெஞ்சா இந்த மண்ணு என்ன செய்யும்?"

"உப்பும்."

"உப்பி?"

"மேல வரும்."

"எங்க வரும்?"

மேஸ்திரி அந்த ஒரு சாண் இடத்தைப் பார்த்தார். தலையில் கூடை கனத்தது. இதில் சரளையை இடித்து அடைத்தால் மண் சரளையைத் தள்ளும், சரளை மண்டபத்தைத் தள்ளும். மறுபடியும் அதே சுவர், அதே இடத்தில் வெடிக்கும். தொழில் பழகிய முதல் வருஷமே தெரிந்த விஷயம் அது. தெரிந்துமா ஒரு லாரிச் சரளை வாங்கினோம் என்று யோசித்தார்.

எதற்கு வாங்கினோம் என்பதும் அவருக்குத் தெரியும்.

திரும்பிப் பார்த்தார். குவியலுக்கு அந்தப் பக்கம் மகள் அப்படியே நின்றாள். புழுதிக்கு முந்தானையை மூக்கில் பிடித்திருந்தாள். மூச்சு விடக் கஷ்டப்படுகிறாளோ என்று இருந்தது.

மேஸ்திரி கூடையை இறக்கிவைத்தார். மண்வெட்டியை எடுத்தார். மண்டபத்துக்குப் போகவில்லை, பாதைக்குப் போனார். குவியலின் நடுவில் வெட்டி, சரளையைப் பாதையோரப் பள்ளத்தில் தள்ளத் தொடங்கினார். யாரையும் கூப்பிடவில்லை. கொஞ்சம் பொறுத்துக் குருவையா வந்தார். பிறகு மற்றவர்கள் வந்தார்கள். ஜெயபாண்டியும் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு ஒரு மண்வெட்டி எடுத்தார். அவர் பிடித்த கோணம் சரியில்லை. மேஸ்திரி பார்த்தார். ஒன்றும் சொல்லவில்லை.

வண்டி நுழைகிற அளவுக்கு வழி பிறந்தது.

செல்லக்கனி ஏறி உட்கார்ந்தாள். வண்டி அவர் பக்கத்தில் வந்து மெதுவானது.

"வாங்குன சரளையை என்னப்பா செய்வீங்க?"

"தேவைப்படும்னு நெனச்சேன்மா. தேவைப்படல."

அவள் ஜன்னல் வழியாகக் கையை நீட்டி அவர் கையைப் பிடித்தாள். சரளை பிடித்துக் காய்த்த கை. அவருக்குக் கண் கலங்கிவிட்டது, அதை மறைக்கவும் இல்லை.

"பொங்கலுக்கு வாரேன்பா," என்றாள்.

எந்தத் தேதி, எந்த பஸ், எத்தனை நாள் தங்குவாய் என்று எல்லாமே அவர் நாக்கு நுனிவரை வந்தது. வாயை மூடிக்கொண்டு தலையை ஆட்டினார்.

வண்டி கிழக்கே போய் மறைந்தது. அந்தத் திசையிலிருந்துதான் மழை வந்தது. முதல் துளிகள் கரிசலில் பொட்டுப் பொட்டாக விழுந்தன. வேலையாட்கள் மண்டபத்துக்குள் ஓடினார்கள்.

"மேஸ்திரி," என்று வாசலிலிருந்து கூப்பிட்டார் அரியநாச்சி அம்மா. "மண்ணு நனையுது."

"நனையட்டும் தாயி."