சாட்சி சொன்ன மூக்குக்கண்ணாடி

"ஏசி மாட்டணும். ஆனா வண்டியில புதுசா ஒரு ஓட்டை கண்ணுல பட்டாலும் உன் பட்டறையை மூட வச்சிடுவேன்!" பழைய கார் சங்கத் தலைவர் தணிகாசலம் தன் 1956 மாடல் காரை ராயபுரம் மெக்கானிக் பிலோமினாவிடம் இப்படித்தான் விட்டுப் போனார்.

பத்தாம் நாள், சங்கத்தார் சூழ்ந்து நிற்க, தலைவர் காருக்குள் ஏறிக் கால் மணி நேரம் துருவித் துருவித் தேடினார். ஓர் ஓட்டையும் இல்லை, ஏசிப் பெட்டியும் கண்ணில் படவில்லை. குளிரோ எலும்பைத் தொட்டது. தோற்றதை ஒப்புக்கொள்ள மனசு வருமா? கடலோர வெயிலில் இறங்கி, "ஏசியே மாட்டலை, உள்ளே ஒரே புழுக்கம்!" என்று கத்தினார்.

கத்தும்போதே அவர் மூக்குக்கண்ணாடி, ஐஸ் பெட்டியிலிருந்து எடுத்த சோடா பாட்டில் மாதிரி வெள்ளையாக வியர்த்துவிட்டது. கூட்டம் வாய் பிளந்தது.

"நீங்க இல்லைங்கறீங்க, உங்க கண்ணாடி இருக்குங்குதே சார்!" என்றாள் பிலோமினா.

தலைவர் அசந்துபோனார். "ஏசியை எங்கேம்மா வச்சே?"

"கண்ணாடியைத் துடைச்சிட்டுத் தேடுங்க சார்."