காதுகுத்துக்கு மூன்று மடிகள்

கோபிசெட்டிபாளையத்துக்குப் பக்கத்தில் ஒரு குலதெய்வக் கோயில். குழந்தை இதழினிக்கு மொட்டை போட்டு, தலையில் சந்தனமும் பூசியாயிற்று. ஆசாரி ஊசியைத் துடைத்துக் கையில் வைத்திருந்தார். தாய்மாமன் மடியில் உட்கார வைத்தால் காது குத்திவிடலாம். தாய்மாமன்தான் இல்லை.

குழந்தையின் தாய் வினோதினி ஒற்றைப் பிள்ளை. அவளுடைய தாத்தா ஒன்பது பேரில் ஒருவர். அப்பா சென்னியப்பன் மூவரில் ஒருவர். மற்ற இருவரும் அக்காமார். அத்தை மகன்கள் கட்டிக்கொள்ளும் முறை, அண்ணனாக முடியாது. அம்மாவும் ஒற்றைப் பிள்ளைதான். நாட்டுக்கு நாடு தொட்டில்கள் குறைந்து வருகின்றன, இந்த நூற்றாண்டுக்குள் உலகத்தின் தலைக்கணக்கே இறங்கத் தொடங்கலாம் என்கிறார்கள் கணக்கெடுப்பவர்கள். வினோதினிக்கு உலகத்தைப் பற்றிக் கவலையில்லை. சண்டை போடக்கூட வீட்டில் ஆளில்லாமல் வளர்ந்தவள் அவள். நாங்கள் போன பிறகு என் மகளுக்கென்று யார் இருப்பார்கள்? அந்த ஒரு கவலைதான்.

சென்னியப்பன் முந்திக்கொண்டு பாயில் உட்கார்ந்துவிட்டார். "ஒண்ணோட நிறுத்துனது நானு. அதுக்குப் பேச்சு வாங்குனதும் நானு. மடியும் என்னுதாவே இருக்கட்டும் அம்மிணி."

"தள்ளுங்கப்பா" என்று பக்கத்தில் உட்கார்ந்தாள் ஜெயசித்ரா. கல்லூரி விடுதியில் வினோதினியோடு ஒரே அறையில் இருந்தவள். கல்யாணமே வேண்டாமென்று இருப்பவள். பிரசவ அறை வாசலில் நின்றவளும் அவள்தான். "நர்ஸ்கிட்ட இருந்து குழந்தைய மொதல்ல வாங்குனது இந்தக் கைதான்டி. பொம்பளை மடின்னா ஊசி எறங்காதா?"

"எறங்கும். ஊர் வாய்தான் மூடாது" என்றார் சென்னியப்பன்.

அப்போதுதான் சீர்த்தட்டோடு வந்து சேர்ந்தார் பஸ் கண்டக்டர் குழந்தைவேலு. சென்னியப்பனின் பெரியப்பா பேரன். வினோதினிக்கு அண்ணன் முறை. பங்காளி வகையில் அந்தத் தலைமுறைக்கு அவர் ஒருவர்தான் ஆண்பிள்ளை. "நானிருக்கறப்ப என்ன யோசனை தங்கச்சி?"

"நீங்க ஏற்கெனவே அஞ்சு பிள்ளைகளுக்கு மாமனாமே" என்றாள் ஜெயசித்ரா. "அது மடியா, மினி பஸ்ஸா?"

"ஸ்டேண்டிங்ல எடம் இருக்குதுங்க" என்றார் அவர், சிரிக்காமல். செல்போனை எடுத்துக் காட்டினார். முழுப்பரீட்சை லீவில் அந்த ஐந்து பேரையும் கொடிவேரி அணைக்குக் கூட்டிப்போன படம். ஐந்தும் ஐந்து வீட்டு ஒற்றைப் பிள்ளைகள். ஒருத்தி இன்னொருத்தனின் காதைப் பிடித்துத் திருகிக்கொண்டிருந்தாள்.

ஆசாரி தொண்டையைச் செருமினார். குழந்தை தாயின் இடுப்பில் சிணுங்கியது. பெற்ற பாசம் ஒரு பக்கம், நின்று காத்த நட்பு ஒரு பக்கம், ஐந்து பேர் ஏற்கெனவே பங்கு போட்ட உறவு ஒரு பக்கம். மூன்று மடிகளில் எது சரியான மடி?

வினோதினி குழந்தையைக் குழந்தைவேலுவின் மடியில்தான் வைத்தாள். அப்பா என்றைக்கும் தாத்தாதான். ஜெயசித்ரா என்றைக்கும் சித்திதான். அதற்கு அவர்களுக்கு மடி தேவையில்லை. பங்கு போட்ட மடியில் பங்கு குறையும் என்று நினைப்பவர்கள் மாமனை மட்டும் எண்ணுகிறார்கள். வினோதினி அந்த மடியில் முன்பே உட்கார்ந்தவர்களை எண்ணினாள். உடன்பிறப்பைத் தன்னால் தர முடியாமல் போனாலும், காதைத் திருக ஐந்து பேரை மகளுக்குத் தேடிக் கொடுத்துவிட்டாள்.