கட்டர் வாங்கப் போன மாசாணமுத்து

“மேஸ்திரி, நல்ல கட்டர் எதுன்னு சொல்லுங்க. இதுல எவன் வெட்டுனாலும் உடையத்தான் செய்யும்.”

மாசாணமுத்து இப்படிச் சொன்னபோது அவர் வெட்டி உடைத்த இரண்டு டைல்ஸ் காலடியில் பாழாய்க் கிடந்தன. ஸ்டெல்லா மேஸ்திரி அவற்றைப் பார்க்கவில்லை. சுவரோரம் சாத்தியிருந்த மூன்றாவதைப் பார்த்தாள்.

அதுதான் கடைசி. அதே நிறத்தில் இன்னொன்று கடையில் கிடையாது, அந்தச் சரக்கு தீர்ந்துபோச்சு. பூஜையறை வாசல் மட்டும் பாக்கி. விடிந்தால் பால் காய்ச்சுகிறார்கள்.

“மெஷின் வச்சு அறுத்துருவோமா?”

“ஓரமெல்லாம் பொரிஞ்சிரும். பெயிண்ட் அடிச்ச வீடு பூராவும் புழுதி. கைக் கட்டர்தான்.”

மாசாணமுத்துவுக்கு வயது ஐம்பதைத் தாண்டிவிட்டது. லாரி ஓட்டி அலுத்துப்போய், தன் மகள் வயசுப் பெண்ணிடம் டைல்ஸ் வேலை கற்க வந்தவர். ஊரில் சிரிக்காத ஆளில்லை. சிரிக்கிறவன் சிரிக்கட்டும், அவன் பல்லு, அவன் பாடு என்று வந்துவிட்டார். ஆனால் வந்த நாளிலிருந்து, இன்றைக்குக் கட்டரைத் தொடும்வரை, கலவை குழைக்கிறதுதான் அவருக்கு வேலை. அதுதான் மனசில் முள்ளாய்க் குத்திக்கொண்டே இருந்தது.

“அண்ணாச்சி,” என்றாள் ஸ்டெல்லா. “கடைக்குப் போவோம். உங்களுக்குப் பிடிச்ச கட்டர எடுங்க. இந்தக் கடைசி டைல்ஸ நீங்கதான் வெட்டுதீங்க.”

“நானா?”

“நேரா வந்துச்சுன்னா அடுத்த வீட்டு வேலைய நீங்களே நின்னு நடத்துங்க. இல்லன்னா கலவையோட இருங்க.”

என்ன நெஞ்சழுத்தம் பாருங்கள் அந்தப் பெண்ணுக்கு. உடைந்தால் கெடப்போவது அவள் பேரும்தானே.

கடைக்காரர் காஜா மைதீன் மூன்று கட்டர்களை இறக்கி வைத்தார். ஒன்று லேசு, ஒத்தை விரலில் தூக்கலாம். ஒன்று பளபளப்பு, வெட்டவேண்டிய இடத்தைச் சிவப்பு வெளிச்சம் போட்டுக் காட்டியது. மூன்றாவது கறுப்பு. சக்கரம் ஓட இரட்டைத் தண்டு, கனத்த அடிப்பலகை. அழகு என்று சொல்ல ஒன்றும் இல்லை.

மாசாணமுத்துவின் கண் சிவப்பு வெளிச்சத்தை விட்டு நகரவில்லை.

“எது மேஸ்திரி?”

“ஓட்டிப் பாருங்க.”

கழிவு டைல்ஸ் வந்தது. மாசாணமுத்து பளபளப்பில் அதை ஏற்றிக் கைப்பிடியைத் தள்ளினார். சக்கரம் ஓடிக் கோடு விழுந்தது. எதுக்கும் இருக்கட்டும் என்று இன்னொரு தரம் தள்ளினார். மனசு ஆறாமல் மேலும் ஒரு தரம். அப்புறம் கோட்டோடு பிரியட்டும் என்று கைப்பிடியை அமுக்கினார்.

கோணல்மாணலாக உடைந்தது.

லேசானதிலும் அப்படியே தள்ளினார், அப்படியே உடைந்தது. கறுப்பிலும் அதே கதைதான்.

“மூணும் குப்பை,” என்றார்.

“யாவாரத்தக் கெடுக்காதீங்க அண்ணாச்சி,” என்றார் காஜா மைதீன்.

ஸ்டெல்லா ஒரு மூட்டைமேல் உட்கார்ந்தாள்.

“உங்க மக நிச்சயத்துல தாம்பூலத் தட்ட எத்தன தடவ மாத்துனீங்க?”

“இதென்ன கேள்வி. ஒரு தடவதான்.”

“உறுதிக்கு இன்னொரு தடவ மாத்தியிருக்கலாம்லா?”

“நல்லாருக்கே. எங்க மேல சந்தேகமான்னு கேட்டுட்டுச் சம்பந்தி எந்திரிச்சுப் போயிருப்பாரு.”

ஸ்டெல்லா எழுந்தாள். இன்னொரு கழிவு டைல்ஸை எடுத்து அவர் கையில் கொடுத்தாள்.

மாசாணமுத்து அதை வாங்கிக்கொண்டு, மூன்று தரம் தள்ளி உடைத்த துண்டுகளைக் குனிந்து பார்த்தார்.

“அட,” என்றார்.

பளபளப்பில் ஏற்றினார். ஒரே தரம் தள்ளினார். பாதி வழியில் சக்கரம் நடுங்கியது கையில் தெரிந்தது. வெளிச்சம் நேராகத்தான் நின்றது, கோடு விலகிப் போயிருந்தது. மறுபடி மறுபடி தள்ளியபோது இது தெரியவே இல்லை. அதை ஒதுக்கினார்.

லேசானதைத் தள்ளினார். கோடு முடிவதற்குள் கட்டரே தரையைவிட்டு எழும்பியது. அதையும் ஒதுக்கினார்.

கறுப்பு. இந்த முனையிலிருந்து அந்த முனைவரை ஒரே சத்தம், புதுத் துணி கிழிக்கிற மாதிரி. அமுக்கினார். நேராகப் பிரிந்தது.

“இது,” என்றார். உடனே, “சரிதான மேஸ்திரி?”

“அதான் சொல்லிட்டீங்கள்லா,” என்று அவள் ஆட்டோ பிடிக்கப் போய்விட்டாள்.

வீட்டில் கடைசி டைல்ஸை ஏற்றினார். பயமாகத்தான் இருந்தது. பயமில்லை என்றால் அது பச்சைப் பொய். உள்ளங்கையைக் கைலியில் துடைத்துக்கொண்டு தள்ளினார்.

கோடு கடைசிவரை போய் நின்றது.

வாசலில் நின்ற வீட்டுக்காரம்மாவுக்குத்தான் பொறுக்கவில்லை. “எதுக்கும் இன்னொரு தடவ தள்ளிக்கிடுங்களேன். இது ஒண்ணுதான இருக்கு.”

கை பரபரக்கத்தான் செய்தது. மாசாணமுத்து ஸ்டெல்லாவைத் திரும்பிப் பார்த்தார். அவள் ஜன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டிருந்தாள்.

“வேண்டாம்மா,” என்றார்.

அமுக்கினார்.

டக்.

நூல் பிடித்த மாதிரி இரண்டாய்ப் பிரிந்தது. எடுத்து வாசலில் பொருத்திப் பார்த்தார். எங்கேயும் இடிக்கவில்லை, எங்கேயும் இடைவெளி இல்லை. வீட்டுக்காரம்மா கன்னத்தில் போட்டுக்கொண்டாள். மாசாணமுத்துவுக்குச் சந்தோஷத்தில் கண் கலங்கிவிட்டது, அதைத் துடைக்கவும் அவர் மெனக்கெடவில்லை.

டைல்ஸைப் பதிக்கவேண்டுமே என்று கலவைக்குத் திரும்பினார்.

கலவைச் சட்டியைக் காணோம். ஸ்டெல்லா அதைத் தன் பக்கம் இழுத்து வைத்து, முந்தானையை இடுப்பில் செருகிக்கொண்டு, கரண்டியோடு குத்தவைத்திருந்தாள்.

“கெட்டியாக் குழைக்கட்டா, இளக்கமாக் குழைக்கட்டா,” என்று கேட்டாள், “மேஸ்திரி?”