மஞ்சள் நீரும் மரவாழையும்

வெகு காலத்துக்கு முன்னே, கருவேங்கை நாட்டை மகுடவர்மன் என்றொரு ராஜா ஆண்டான். நல்லவன்தான், ஆனால் காலையில் ஒரு மனசு, மாலையில் ஒரு மனசு.

கப்பல்காரர்கள் அவனுக்கு ஒரு மரவாழைச் செடி கொடுத்தார்கள். மண்ணே வேண்டாத செடி அது. கட்டையைப் பற்றிக்கொண்டு, வேர்களை அந்தரத்தில் தொங்கவிட்டு வளரும். தோட்ட மேலாளர் பிரளயநாதர் அதைக் குழியில் புதைக்கப் போக, அரண்மனையில் பூக்கட்டும் நாச்சாயி ஓடிவந்து தடுத்தாள். ராஜா அப்போதே தோட்டத்தை அவளிடம் ஒப்படைத்தான்.

"பூத்தால் பரிசு. செத்தால் நீ நாட்டை விட்டே போகணும்."

வெயில் சுடாத, காற்றோடும் இடத்தில் நாச்சாயி அதைத் தொங்கவிட்டாள். விடியலில் ஒருமுறை நனைப்பாள். உச்சிக்குள் வேர் உலர்ந்துவிடும். ஈரம் நின்றால் அழுகும் என்று அவளுக்குத் தெரியும். அப்படிப் பார்த்தும் இரண்டு வேர்கள் கறுத்தன. விடியலில் தொட்டால், ஊற்றுமுன்பே ஈரம் சொதசொத என்றிருந்தது.

யாரோ அந்தியில் வந்து ஊற்றுகிறார்கள். காவல்காரனா? வைத்தியரா? தளபதியா? பிரளயநாதரா? யார் சிரித்தாலும் நாச்சாயி அவர் கையையே பார்த்தாள்.

சபையில் பிரளயநாதர் முந்திக்கொண்டார். "அரசே, பூக்கட்டுகிறவளுக்குச் செடி வளர்க்கத் தெரியுமா? அழுகுகிறது!"

"தானாக அழுகவில்லை ராஜா, அழுக வைக்கிறார்கள். தோட்டத்துக்குள் வருகிறவர்கள் ஐந்து பேர். ஆளுக்கொரு வேரைத் தொடட்டும். கெடுத்த கையைச் செடியே காட்டிக்கொடுக்கும்."

"நாலு பேர்தானே?"

"உங்களையும் சேர்த்துத்தான், ராஜா."

ராஜா கடகடவென்று சிரித்தான்.

உச்சி வேளை. வேர்கள் உலர்ந்து வெள்ளிபோல் வெளுத்திருந்தன. ஆளுக்கொரு வேரில் ஒரு நிற நூல் கட்டி, சுற்றித் திரை போட்டாள் நாச்சாயி. "மஞ்சள் நீரில் கையை முக்குங்க. அப்படியே உள்ளே போய், உங்கள் வேரைப் பிடித்துவிட்டு வாங்க."

ஒவ்வொருவராகப் போய் வந்தார்கள். திரையை விலக்கினால், நாலு வேர்கள் பச்சை. ஒன்று மட்டும் வெளுப்பு.

"வெளுப்பு என்னுடையது!" பிரளயநாதர் மார்தட்டினார். "மாசில்லாத கை! மற்ற நாலு பேரும்தான்..."

"மற்ற நாலு பேரும்?" ராஜா எழுந்தான். "பச்சையில் ஒன்று என்னுடையது. நான் களவாணியா, ஐயா?"

"இந்த வேர் தண்ணீர் பட்டால் பச்சையாகும், ராஜா," என்றாள் நாச்சாயி. "யார் தொட்டாலும் ஆகும். அது தெரியாதவர்கள் ஈரக் கையோடு தொட்டார்கள். இவர் துடைத்துவிட்டுத் தொட்டிருக்கிறார். தினம் ஊற்றிப் பார்த்தவருக்குத்தானே அது தெரியும்?"

"பொய்! நான் துடைக்கவே இல்லை!"

"அப்படியானால் அங்கவஸ்திரத்தை விரிங்க சாமி."

விரித்தார். வெள்ளைப் பட்டில் அஞ்சு விரலும் மஞ்சளாகப் பதிந்திருந்தன.

"பூ பூக்கும் வரை துவைக்காமல் இதைப் போட்டுக்கொண்டுதான் சபைக்கு வரணும்," என்றான் ராஜா.

ஏழு மாதம் வந்தார். எட்டாம் மாதம் ஊதா நிறத்தில் ஒரு கொத்துப் பூத்தது.

"என்ன பரிசு வேண்டும், நாச்சாயி?"

"தோட்டத்துக்கு ஒரு பூட்டு, ராஜா. ஒரே சாவி."

"எனக்கொரு சாவி?"

நாச்சாயி ராஜாவின் கையைப் பார்த்தாள். விரல் நுனியில் ஈரம். பூவுக்குக் கீழே ஒரு வேர் பச்சையாகியிருந்தது.

"ஒன்றே போதும், ராஜா."